யாத்திரை செல்வோரின் வாகனம் எங்கே நிற்பது?

அருப்புக்கோட்டைக்கு அருகில், கருவேல மரங்கள் சூழ்ந்த வறண்ட பூமியில் இருக்கிறது திருச்சுழி. திருமேனிநாதரும் துணைமாலை அம்மையும் அருளும் இத்தலம் சுந்தரரின் தேவாரம் பெற்றது. பகவான் ரமணர் 1879-இல் அவதரித்ததும் இங்கேதான்.

இவ்வட்டாரத்து முதியவர்கள் இன்று காசி யாத்திரைக்கு மதுரை விமான நிலையம் செல்கின்றனர். அருப்புக்கோட்டையிலிருந்து காரியாபட்டி வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர். சொந்தக் காரில் சென்றால் அதை எங்கே விடுவது என்பதே கவலை.

நிலைய வளாகத்திலேயே நிறுத்தினால் பெட்டியுடன் அதிகம் நடக்க வேண்டியதில்லை. ஆனால் நேரம் கூடக் கட்டணமும் கூடும். ஓரிரு நாள் பயணத்துக்கு அது தகும். பத்து நாள் யாத்திரை எனில், ஒரு நாள் கட்டணத்தைப் பத்தால் பெருக்கி, போகவர வாடகைக் கார் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். மகனோ மருமகனோ இறக்கிவிட்டுக் காரைத் திரும்ப ஓட்டிச் செல்வது அதனினும் சிக்கனம். வளாகத்தில் நிறுத்துவோர் ரசீதைக் காரில் விடாமல் கையோடு வைத்திருக்க வேண்டும்.

1896-இல் அண்ணாமலைக்குப் புறப்பட்ட ரமணர், கையிலிருந்த ஐந்து ரூபாயில் வழிச்செலவுக்கு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டை வீட்டிலேயே வைத்துச் சென்றார். வேண்டியதை மட்டும் கொண்டு செல்வதே யாத்திரைக்கு அழகு. விசுவநாதர் சந்நிதியில் நிற்கையில், மனம் மதுரை வெயிலில் நிற்கும் காரைச் சுற்றலாகாது.