பெட்டிக்குள் அடைபட்ட காற்று

திருச்செந்தூரில் மரச்சாமான்களைப் பேண நினைப்பவன் முதலில் உப்பின் சுபாவத்தை அறிந்துகொள்ள வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பானது தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்குமாகையால், கடற்காற்றோடு வந்து பலகையின் இடுக்கில் ஒருமுறை அது படிந்துவிட்டால், பகலில் காய்ந்த இடம் இரவில் மறுபடியும் நனைகிறது. வீட்டுக் கூடத்து ஸ்பீக்கர் பெட்டிகளைச் செப்பனிடும் தொழிலில் என் பாதி வேலை ஒலியைப் பற்றியதன்று. இந்த ஈரத்தைப் பற்றியதே.

பெட்டியில் ஓட்டை விழுந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று சந்தித்தால் தாழ்ந்த நாதங்கள் அழிந்துபோகும் என்பதும், அவ்விரண்டையும் பிரித்து வைக்கவே பெட்டி என்பதும் பழைய செய்தி. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்கர் வில்ச்சூர் ஏஆர்-1 என்னும் பெட்டியை வெளியிட்டபோது, அதற்கும் ஒருபடி மேலே சென்று, கூம்பைத் தாங்கும் விளிம்பை மிகவும் மிருதுவாக்கி, அதைத் திருப்பி இழுக்கும் பொறுப்பை உள்ளே அடைபட்ட காற்றிடமே ஒப்படைத்துவிட்டார். அவ்வகைப் பெட்டியில் காற்று கசிந்தால் வில்லே தளர்ந்துபோகிறது. தவிலின் வலந்தலை மட்டும் காதில் விழ, தொப்பியின் முழக்கம் எங்கோ ஓடி ஒளிந்துகொள்கிறது.

கசிவைக் கண்டுபிடிக்க நான் கையாளும் முதற் பரீட்சை விரல்களால் ஆவது. பெரிய கூம்பின் நடுப்பகுதியைச் சுற்றி விரல்களைப் பரப்பி, கோணாமல் மெல்ல உள்ளே அழுத்திவிட்டால், நன்றாக அடைபட்ட பெட்டியில் அது சோம்பலாக வெளியே வரும். கசிவுள்ளதில் சட்டென்று திரும்பும். அதன்பின் தாழ்ந்த சுருதியொன்றை ஒலிக்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, ஊதுபத்தியை மூட்டுகளின் ஓரமாக நகர்த்தினால், குற்றமுள்ள இடத்தில் புகை நடுங்கிக் காட்டிக்கொடுக்கும். எல்லோரும் மூலைகளைத்தான் சந்தேகிக்கிறார்கள். குற்றவாளியோ பெரும்பாலும் பின்புறம் கம்பி மாட்டும் தகடு, அல்லது கூம்பின் சட்டத்தடியில் இறுகிப்போன ரப்பர். முன்னதற்குப் புதிய மெத்தைப் பட்டையும், பின்னதற்குப் பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய வளையமும் போதுமானவை. கூம்பின் விளிம்பே பொடிந்திருந்தால் கதை வேறு. நுரை விளிம்பு ஈரக்காற்றில் வருஷங்கள் செல்லச் செல்லத் தானே சிதைவதாகையால், இவ்வூரில் ரப்பர் விளிம்பையே சிபாரிசு செய்வேன்.

மூட்டுகளை அடைப்பதில்தான் சிரத்தை வேண்டும். தூத்துக்குடித் தோணியின் பலகை நீரில் ஊறிப் பருத்துத் தன் இடுக்கைத் தானே நெருக்கிக்கொள்ளும். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகையோ ஊறினால் உப்பி, காய்ந்தபின்னும் பழைய கனத்துக்குத் திரும்பாமல் உதிர்கிறது. ஆகவே, நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, நிழலில் பல நாள் உலர்த்தி, உதிர்ந்ததைச் சுரண்டியெடுத்த பிறகே, பசையில் மரத்தூளைக் குழைத்து உட்புற மூட்டுகளில் வழிக்கிறேன். காடி வாசனை வீசும் சிலிக்கான் பசையைத் தொடுவதில்லை. அதன் அமில ஆவி செம்புக் கம்பியை அரிக்கும். துருப்பிடித்த திருகாணிகளையும் அப்போதே எடுத்தெறிந்துவிடுவது உத்தமம்.

இவ்வளவுக்கும் அவகாசம் வேண்டுமே! சித்திரையிலும் வைகாசியிலும் பெட்டியை மறந்திருப்பவர்கள், ஐப்பசி மழை தொடங்கிய பிறகு, சூரசம்ஹாரத்துக்கு விருந்தினர் வருவார்களென்று தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். ஈரம் காயாத பலகையின்மேல் பசையும் வார்னிஷும் பூசித் தருவது வருமானத்துக்கு உகந்த காரியமாயினும், நான் அதற்கு உடன்படுவதில்லை.

இன்னொரு வேண்டுகோளுக்கும் இணங்குவதில்லை. முகப்பிலோ முதுகிலோ குழாய் வைத்த பெட்டியைக் கொண்டுவந்து, 'அண்ணாச்சி, இந்த ஓட்டையையும் சேத்து அடச்சிருங்க' என்பார்கள். அது ஓட்டையன்று, அளந்து வைத்த வாய். அதன் நீளத்தையும் அகலத்தையும் பெட்டியின் கொள்ளளவோடு இசைவிக்கும் கணக்கை ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961-இல் ஒரு கட்டுரையாக வகுத்தளித்தார். அதை அடைத்தால் கூம்பு வேறொரு பெட்டிக்குள் வேலை செய்யவேண்டிவரும். விரற் பரீட்சையும் அங்கே செல்லாது. பல்லியும் கரப்பானும் புகுமென்ற அச்சம் நியாயமானதே. அதற்குக் குழாயின் உள்வாயில் மெல்லிய கொசுவலையை இழுத்து ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன்.