ஊசிமுனைச் சிவப்பு

அம்மாவின் பெட்டியில் ஒரு பழைய சுங்குடிச் சேலை உண்டு. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள். அதே நிறத்தில் கடையில் வாங்கிய புதுச் சேலையை அதன் பக்கத்தில் விரித்தேன். புதியதில் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு; அச்சு வேலை. அம்மாவுடையதில் ஒன்று கடுகு, ஒன்று மிளகு. சில புள்ளிகளின் நடுவில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு. அது எப்படி அங்கே வந்தது?

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் விசாரித்து, கைமுடிச்சுப் போடத் தெரிந்த ஒரு சௌராஷ்டிரப் பாட்டியின் வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன். மடித்த வெள்ளைத் துணியில் குறித்த இடத்தைக் கிள்ளித் தூக்கி, நூலை இறுகச் சுற்றி, அடுத்த புள்ளிக்கு நகர்ந்தார். இப்படி ஆயிரக்கணக்கில் கட்டிய பிறகே துணி சாயத்துக்குப் போகும். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது.

சேலையைக் காட்டிக் கேட்டேன். "துணியோட மூக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா சாயத்தைக் குடிச்சிரும்யா. அவசரத்துல கட்டுனா இப்படித்தான்" என்றார்.

பிறகு உள்ளே இருந்த மகளிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். குஜராத்திக்கு உறவான அந்த மொழியும் இந்த முடிச்சும் ஒரே திசையிலிருந்து வந்தவை. குஜராத்தில் இதே வேலைக்கு பாந்தனி என்று பெயர். அந்தப் பக்கத்து லாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர்கள் தசபுரத்துக்கு (இன்றைய மந்தசோர்) குடிபெயர்ந்து சூரியனுக்குக் கோயில் எழுப்பியதை 5ஆம் நூற்றாண்டு மந்தசோர் கல்வெட்டு சொல்கிறது. தாங்கள் அவர்கள் வழிவந்தவர்கள் என்று சௌராஷ்டிரர் பலர் நம்புகிறார்கள். நாயக்கர் காலத்தில் மதுரையில் அவர்கள் வேரூன்றிவிட்டார்கள். 1705இல் ராணி மங்கம்மாள் அவர்களுடைய சடங்குரிமையை ஏற்றுச் சாசனமே கொடுத்தார். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005இல்.

முடிச்சு என்றதும் எனக்குப் பாரசீகக் கம்பளம் நினைவுக்கு வரும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபீல் கம்பளம் 1539–40இல் முடிந்தது. சதுர அங்குலத்துக்குச் சுமார் 340 முடிச்சுகள். அங்கே பூவும் கொடியும் முடிச்சாலேயே ஆனவை. அவிழ்த்தால் கம்பளமே இல்லை. இங்கே அவிழ்த்தால்தான் சேலை.

சாயமேற்றிக் காய்ந்த துணி ஒன்றை எடுத்து, பாட்டி ஒரு முனையை என்னிடம் தந்து, மறுமுனையைத் தான் பிடித்து இழுத்தார். நூல்கள் படபடவெனத் தெறித்து விழுந்தன. சுருக்கம் விரிய விரிய வெள்ளைப் புள்ளிகள் கண் திறந்தன. தரையில் கிடந்த நூல்துண்டுகளை அவர் கூட்டி அள்ளினார். பல நாள் உழைப்பு ஒரு முறத்துக்குள் அடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவின் சேலையை மறுபடி விரித்தேன். அந்தச் சிவப்பு முனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அடுப்பில் சோறு பொங்கியிருக்கலாம், பிள்ளை அழுதிருக்கலாம். பெயர் தெரியாத ஒரு பெண் அவசரமாக எழுந்துபோன நேரம் அங்கே இன்னும் சாயம் போகாமல் இருக்கிறது.