செல்ஃப் எடுக்காத படகு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை சென்னை காசிமேட்டில் மீன் வாடையைவிட டீசல் வாடைதான் தூக்கல். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2017க்கு முன் 45 நாளாக இருந்தது இப்போது 61. வருமானம் போச்சு என்று படகுக்காரர்கள் புலம்புவார்கள். மெக்கானிக்குகள் புலம்பி நான் கேட்டதில்லை.

நான் ஏறிய படகில் ஓனர் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டார். “செல்ஃப் மோட்டார் காலி. புதுசு போட்டுருங்கண்ணே.” மெக்கானிக் பதில் சொல்லாமல் இன்ஜின் அறைக்குள் இறங்கினார். அறுபதை நெருங்கும் வயது. ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். பிளைவீல் ஓரமாக, அடியில், தேங்கிய உப்புத்தண்ணீர் தெறிக்கிற உயரத்தில் மோட்டார் உட்கார்ந்திருந்தது.

இன்ஜின் பற்றிக்கொள்ளாதபடி ஸ்டாப் லீவரை ஒரு பையன் இழுத்துப் பிடிக்க, ஓனர் பட்டனை அழுத்தினார். ‘டக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு முனகல். இரண்டு மூன்று தடவை அழுத்தச் சொல்லிவிட்டு மெக்கானிக் மோட்டார் பக்கமே போகவில்லை. பேட்டரியிலிருந்து வரும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் வெடுக்கென்று கையை எடுத்தார். “தொட்டுப் பாருங்க சார்.” எர்த் ஒயரின் முனை சுட்டது. சுற்றியிருந்த டேப்பை உரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு.

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அமுக்கும்போது பிறக்கும் சூட்டிலேயே எண்ணெய் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்து 24 வோல்ட்டில், சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்கிறது. வழியில் கொஞ்சம் களிம்பு இருந்தால் போதும், வோல்டேஜை அதுவே தின்றுவிடும். பழி மோட்டார் மேல் விழும். நல்ல மோட்டார்கள் பல இப்படித்தான் காயலான் கடைக்குப் போகின்றன என்று நினைக்கிறேன்.

  செல்ஃப் எடுக்காதது லாரி என்றால் நாலு பேர் தள்ளலாம். நடுக்கடலில் யார் தள்ளுவது?

கோளாறு ஒயரில்தான் என்றாலும், தடைக்காலம்தானே என்று மோட்டாரையும் இறக்கினார்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றியாக வேண்டும். மறந்தால் ஸ்பேனரே வெல்டிங் ராடு. பட்டறையில் மெக்கானிக் ஆர்மேச்சரைக் கிரௌலர் என்ற சோதனைக் கருவி மேல் வைத்து, ரம்பப் பிளேடைப் பிடித்தபடி மெல்லச் சுழற்றினார். உள்ளே ஷார்ட் இருந்தால் அந்தக் காடிக்கு நேராகப் பிளேடு அதிரும். அதிரவில்லை. காமுடேட்டரை மணல் தாளால் தேய்த்தார். எமரித் தாள் கூடாது, அதன் துகள் மின்சாரம் கடத்தும். தேய்ந்திருந்த கார்பன் பிரஷ்களை மாற்றினார். பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் இதே ஊரில் இருப்பதாலோ என்னவோ, சாமானுக்கு அலையவில்லை. மோட்டாரைப் பிளைவீலோடு கோக்கும் பெண்டிக்ஸைப் பையன் டீசலில் முக்கப் போனான், ஒரு அதட்டல். அதன் கிளட்சுக்குள் இருக்கும் கிரீஸ் கரைந்துவிட்டால் அது வழுக்கத் தொடங்கிவிடும்.

திரும்ப மாட்டுவதற்கு முன் டார்ச் அடித்துப் பிளைவீல் பற்களைக் காட்டினார். மூன்று இடங்களில் மட்டும் மழுங்கல். ஆறு சிலிண்டர் இன்ஜின், அமுக்கத்தின் எதிர்ப்பால், பெரும்பாலும் அந்த மூன்று நிலைகளில் ஒன்றில்தான் வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் பெண்டிக்ஸ் மோதுவது அங்கேயே. பல்வளையத்தைச் சூடாக்கிக் கழற்றி, கொஞ்சம் திருப்பிப் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடுமாம். அது இன்ஜினைப் பிரிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

புது எர்த் ஒயர் போட்டதும் ஒரே அழுத்தில் இன்ஜின் உறுமியது. ஓனருக்குச் சந்தோஷம், கூடவே ஒரு சந்தேகம்.

“ஒயர்தான் கோளாறுன்னா, மோட்டாரக் கழட்டின கூலி எதுக்குண்ணே?”

“கழட்டினதுக்குத்தான் கூலி. மாட்டினது இனாம்.”