குரலுக்குப் பெயரெழுதுகிறவர்கள்

எழுத்தாளர்களின் குரல் பதிவுகள் ஆவணக் காப்பகத்துக்கு மூன்று வழிகளில் வந்து சேர்கின்றன. எழுத்தாளரை அழைத்து, அவர் எழுதியதை அவரையே படிக்கச் சொல்லிப் பதிவது முதல் வழி. வானொலியிலும் மேடையிலும் பேசியவற்றில் எஞ்சியவை கிடைப்பது இரண்டாவது. யாரோ ஒரு வாசகரோ ஆய்வு மாணவரோ சிற்றிதழ்க்காரரோ டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு எழுத்தாளர் வீட்டுக்குப் போய்ப் பேட்டி எடுத்து, அதை அச்சில் போட்டுவிட்டுக் கேசட்டைப் பரணில் ஏற்றிவிட்டது மூன்றாவது. தமிழில் கணக்குக்கே வராமல் கிடப்பவை பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான்.

எழுத்தாளர் குரலைப் பிடித்துவைக்கும் வழக்கம் எடிசனின் மெழுகு உருளைக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1889இல் ராபர்ட் பிரவுனிங் தம் கவிதையைச் சொல்லத் தொடங்கி, நடுவில் வரி மறந்துபோய் மன்னிப்புக் கேட்பது பதிவாகியிருக்கிறது. கவிதையைவிட அந்தத் தடுமாற்றத்தைத்தான் இன்று பலரும் விரும்பிக் கேட்கிறார்கள். தாகூரின் குரலும் நமக்குக் கிடைக்கிறது. 1921இல் மறைந்த பாரதியின் குரல் இல்லை. அவர் வாழ்ந்த காலத்தில் சென்னையில் இசைத்தட்டு வணிகம் நடந்துகொண்டுதான் இருந்தது; பாடகர்களையும் நாடக நடிகர்களையும் பதிந்தவர்களுக்கு ஒரு கவிஞரின் குரல் சரக்காகத் தோன்றவில்லை. பிற்பாடு அவருடைய பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை விலைபேசப்பட்டு ஏவி.எம். கைக்குப் போய், 1949இல் அரசு அவற்றை நாட்டுடைமை ஆக்கியது. பாட்டின் ஒலிக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. பாடியவரின் குரல் மட்டும் இல்லாமலே போயிற்று.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. எழுத்தாளர்கள் அங்கே விருந்தினராகப் பேசினார்கள், தி. ஜானகிராமனைப் போன்றவர்கள் ஊழியராகவும் இருந்தார்கள். தொடக்க காலப் பேச்சுகள் நேரடியாகக் காற்றில் போனவை. காந்த நாடா வந்த பிறகும் அது விலை உயர்ந்த பொருளாக இருந்ததால், ஒலிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதன்மேல் வேறொன்றைப் பதிவது உலகெங்கும் வானொலி நிலையங்களின் வழக்கமாக இருந்தது. பி.பி.சி.யும் இதற்கு விலக்கில்லை. ஒரு சிறுகதை ஆசிரியரின் பதினைந்து நிமிடப் பேச்சின் மேல் மறுவாரம் விவசாய நிகழ்ச்சி ஏறியிருந்தால், அந்தக் கால அலுவலகக் கணக்கில் அது சிக்கனம்.

திட்டமிட்டுச் சேர்த்தவர்கள் வேறு இடங்களில் இருந்தார்கள். வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1943இல் தொடங்கிய ஸ்பானிய இலக்கிய ஒலித் தொகுப்பில் மிஸ்ட்ரால், நெருடா, போர்ஹெஸ் ஆகியோரின் குரல்கள் இருக்கின்றன. அதே நூலகத்தின் புதுதில்லி அலுவலகம் 2000ஆம் ஆண்டையொட்டித் தெற்காசிய எழுத்தாளர்களை அவரவர் மொழியில் படிக்கச் செய்து பதியும் திட்டத்தை மேற்கொண்டது. தமிழ் எழுத்தாளர்களும் அதில் உண்டு. இவற்றுக்கெல்லாம் முன்னோடி என்று கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பையொட்டி 1913 முதல் 1929 வரை வெட்டப்பட்ட இசைத்தட்டுகளைச் சொல்ல வேண்டும். தமிழும் அவற்றில் அடக்கம். பேசியவர்கள் எழுத்தாளர்கள் அல்லர். பல மொழிகளிலும் சொல்லவைத்தது விவிலியத்தின் ஊதாரி மகன் கதையைத்தான். ஆனால் எந்த மொழி, எந்த வட்டாரம், என்ன பகுதி என்ற விவரங்கள் தட்டோடு சேர்த்தே எழுதிவைக்கப்பட்டன. நூறாண்டு கழித்தும் அவை பயன்படுவதற்கு அந்தக் குறிப்புகளே காரணம். இலங்கைத் தமிழர்கள் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகமும் அச்சு நூல்களோடு நின்றுவிடாமல் வாய்மொழி வரலாறுகளைச் சேர்த்துவருகிறது.

சென்னையின் தெற்குப் புறநகரில் குரல் நாடாக்களைக் காக்கும் வேலைக்கு நிலமே ஓர் இடைஞ்சல். அங்குள்ள பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பறவைக்கு நல்லது காந்த நாடாவுக்கு நல்லதல்ல. நாடாவைப் பல ஆண்டுகள் வைத்திருக்க 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமும் 30 முதல் 40 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும் என்பது பொதுவான அளவு. கடலும் சதுப்பும் சூழ்ந்த இப்பகுதியில் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் 60 விழுக்காட்டைத் தாண்டியே நிற்கும். 70ஐத் தொட்டால் பூசணம் பிடிக்கத் தொடங்கும். வேளச்சேரி–தாம்பரம் சாலையை ஒட்டிய குடியிருப்புகளில், நகரத்துக்குள்ளிருந்து வீடு மாறி வந்தவர்களின் பரண்களில், அட்டைப்பெட்டிக்குள் கேசட்டுகள் இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையும் தரைத்தளப் பெட்டிகளை நனைத்தன. நனைந்த கேசட்டை மொட்டைமாடி வெயிலில் காயவைப்பதுதான் பலரும் செய்வது. செய்யக் கூடாததும் அதுவே. வெள்ளநீரின் சேறு நாடாவில் காய்ந்து ஒட்டுவதற்குள் காய்ச்சி வடித்த நீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும்; முழுக்க உலரும்வரை ஓட்டிப் பார்க்கக் கூடாது.

பள்ளிக்கரணையிலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவற்றை, 1992இல் அவர் இறந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையிலேயே நூலகமாக அமைத்தது. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் வீசியெறிந்ததை அவர் எடுத்துவைத்தார். கேசட்டும் இன்று அந்த நிலையில் இருக்கும் பொருள்தான்: விற்றால் காசு வராது, வைத்தால் இடத்தை அடைக்கும்.

கேசட்டைக் கோப்பாக மாற்றும் வேலையை அருகிலிருந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது அதன் மெதுவான போக்கு. ஒரு மணி நேரப் பதிவை ஒரு மணி நேரம் ஓட்டித்தான் ஆக வேண்டும். முன்னும் பின்னுமான வேலைகளைச் சேர்த்தால் மூன்று மணி நேரமாகிவிடும். முதலில் கூட்டைத் திறந்து பார்க்கிறார்கள். நாடாவை அழுத்திப்பிடிக்கும் சிறு பஞ்சுத்துண்டு உதிர்ந்திருந்தால் வேறு கேசட்டிலிருந்து மாற்றுகிறார்கள். கூடு வளைந்திருந்தால் திருகாணி வைத்த புதுக் கூட்டுக்கு நாடாவை இடம் மாற்றுகிறார்கள். பிறகு ஒருமுறை முழுக்க முன்னோட்டி, பின்னோட்டி, இறுக்கத்தைச் சீராக்குகிறார்கள். சி-60 நாடாவின் தடிமன் ஏறக்குறைய 18 மைக்ரான், சி-90 நாடாவுடையது 12, சி-120 நாடாவுடையது 9. இடையில் கேசட்டைத் திருப்ப வேண்டாமே என்று பேட்டி எடுத்தவர்கள் ஆசையாக வாங்கிய சி-120தான் இன்று அதிகம் சிக்குகிறது, முறுக்கிக்கொள்கிறது, அறுகிறது.

அடுத்தது, நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட். ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்த பிறகு, பதிவு செய்த கருவியின் ஹெட் எந்தக் கோணத்தில் இருந்ததோ அந்தக் கோணத்துக்கு இப்போதைய ஹெட்டை ஒரு சிறு திருகால் கொண்டுவர வேண்டும். இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ‘ச’, ‘ஸ’ ஒலிகள் எந்த இடத்தில் கூர்மையாகக் கேட்கின்றனவோ அதுவே சரியான கோணம். திருகைப் பாதிச் சுற்று திருப்பியதும் போர்வைக்குள்ளிருந்து பேசியவர் எழுந்து வெளியே வந்ததுபோல் குரல் தெளியும். இதைச் செய்யாமல் அவசரத்தில் மாற்றி, மங்கலாக இருக்கிறதே என்று பின்னால் கணினியில் ‘சுத்தம்’ செய்த கோப்புகள் ஏராளம். இரைச்சலோடு எழுத்தாளரின் மூச்சையும் சேர்த்து அவை துடைத்துவிடுகின்றன.

ஸ்பூல் நாடாவின் தொல்லை வேறு. 1970களிலும் 80களிலும் தயாரான சிலவகை நாடாக்களில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் ஹெட்டில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். அத்தகைய நாடாவை 50 டிகிரிக்குச் சற்று மேல் பல மணி நேரம் மிதமான சூட்டில் வைத்தால் சில வாரங்களுக்கு ஓடும் நிலைக்கு வரும். காய்கறி உலர்த்தும் மின்கருவியே இதற்குப் போதும். ஆனால் பழைய அசிடேட் நாடாவுக்கு இந்த வைத்தியம் ஆகாது. புளித்த காடி வாசனை வந்தால் அது அசிடேட்.

கோப்பின் அளவுகோல் இன்று ஏறத்தாழ முடிவாகிவிட்டது: குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், பல காப்பகங்கள் 96 கிலோஹெர்ட்ஸ் வைக்கின்றன. அந்தத் தரத்தில் ஸ்டீரியோவாக ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி. எம்பி3 என்பது கேட்பவருக்கான நகல் மட்டும். சேமிப்பு வட்டு எளிதாகக் கிடைக்கிறது. நாடாவை ஓட்டும் நல்ல கருவி கிடைப்பதுதான் அரிதாகிறது. பெல்ட்டும் பிஞ்ச் ரோலரும் தேடிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும், அங்கும் பழைய ஆட்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் யுனெஸ்கோவும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட காந்த நாடா எச்சரிக்கை அறிக்கையும் இதையே சொன்னது: நாடா அழிவதற்கு முன்பே அதை ஓட்டும் கருவியும் அறிந்த கையும் இல்லாமல் போகும்.

இத்தனையும் முடிந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். உறையின் மேல் ‘பேட்டி – 2’ என்று மட்டும் எழுதியிருக்கும் கேசட்டில் ஒரு முதியவர் ஒன்றரை மணி நேரம் பேசுகிறார். யார், எந்த ஆண்டு, கேள்வி கேட்பவர் யார்? இதைக் கேட்டுக் கண்டுபிடிப்பவர்தான் இந்தத் தொழிலின் நடுநாயகம்; ஊதியப் பட்டியலில் பெரும்பாலும் அவருக்குத் தற்காலிகப் பணியாளர் என்று பெயர். பேச்சில் வரும் ஒரு விருது, ஒரு தேர்தல், ஒரு மரணம் ஆண்டை நெருக்கிக் காட்டும். தெருவில் போகும் விற்பனைக் குரலும் கோயில் ஒலிபெருக்கியும் இடத்தைக் காட்டும். பேச்சு வழக்கு ஆளைக் காட்டும்: கி. ராஜநாராயணனின் கரிசல் பேச்சும் தோப்பில் முகமது மீரானின் கடலோரப் பேச்சும் பழகிய காதுக்கு இரண்டு வாக்கியத்தில் பிடிபட்டுவிடும். அச்சில் இவ்வளவு தெரியாது. ‘மரம்’ என்று எழுதுவதைப் பேசும்போது கடைசி மெய் கரைந்து மூக்கொலியாக நிற்பதைக் காட்ட நம் எழுத்தில் குறி இல்லை. தமிழ் இலக்கியத்துக்கு ஒலிக் காப்பகம் வேண்டும் என்பதற்கு எழுத்தாளர் மீதான பக்தியைவிட இதுவே வலுவான காரணம்.

கேட்டுக் கண்டறிந்ததை நிமிட வாரியாக அட்டவணையில் எழுதுகிறார்கள்: 12ஆம் நிமிடத்தில் முதல் கதை வெளியான இதழ், 31இல் பதிப்பாளருடன் பிணக்கு, 40இல் கதை வாசிப்பு. சொல்லுக்குச் சொல் எழுத்தாக்குவது நல்லதுதான். அதற்கு ஆள்பலம் போதாதபோது இந்த அட்டவணையே ஆய்வாளருக்கு உதவும். உறுதியாகத் தெரியாததை ஊகம் என்று குறித்துவைப்பது கட்டாயம், ஏனென்றால் பின்னால் வருபவர் அட்டவணையைச் சோதிக்காமல் மேற்கோளாக எடுத்துவிடுவார்.

கடைசியில் உரிமை. ஒரே கேசட்டில் மூன்று உரிமைகள் பின்னிக் கிடக்கின்றன. படிக்கப்படும் கதையின் பதிப்புரிமை, ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை. ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். வாசித்தவருக்கு நிகழ்த்துநர் உரிமை தனியாக, 50 ஆண்டுகள். நூல்கள் நாட்டுடைமை ஆனால் முதல் சிக்கல் தீரும். மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். பேட்டியில் பெயர் சொல்லித் திட்டப்பட்ட சக எழுத்தாளரின் குடும்பம் வேறு இருக்கிறது. ஆகவே கேசட்டை வாங்கும்போதே கொடுப்பவரிடம் படிவத்தில் மூன்று கேள்விகளுக்குக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது: காப்பகத்துக்குள் மட்டும் கேட்கலாமா, இணையத்தில் ஏற்றலாமா, எந்த ஆண்டுவரை மூடிவைக்க வேண்டும்? அந்தப் படிவம் இல்லாத பதிவுகள் எவ்வளவு அருமையானவையாக இருந்தாலும், பெரும்பாலான காப்பகங்களில் இப்போதைக்கு நேரில் வருபவர் ஹெட்போன் மாட்டிக் கேட்பதற்கு மட்டுமே.