கை நடுங்கவில்லை, புரி தேய்ந்திருந்தது

பிளவக்கல் அணைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோப்பு வீட்டில் தாத்தா காலத்து ரைஃபிள் ஒன்று இருந்தது. '315' என்பார்கள். ராணுவம் பயன்படுத்திய .303 ரகத்தை வெள்ளைக்காரர்கள் பொதுமக்கள் கையில் விடவில்லை. அதனால் லைசென்ஸ்காரர்களிடம் புழங்கியது இந்த 8 மில்லிமீட்டர் ரகம். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் தாத்தாவின் வேட்டை நின்றது. 2021-ல் எங்கள் மலை புலிகள் காப்பகமே ஆகிவிட்டது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்குப் போவதும் வருவதுமாக, ரைஃபிள் மட்டும் அப்பாவின் லைசென்ஸில் உயிரோடு இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன், தன் 71-வது வயதில், அப்பா பயிற்சிக்காகச் சுடுதளத்துக்குப் போனார். ஐந்து தோட்டா சுட்டதில் மூன்றுதான் காகிதத்தில் பட்டன. அதுவும் மூலைக்கொன்றாக. கூடப் போன சித்தப்பா, "அண்ணனுக்குக் கை நடுங்குது" என்று வந்து சொன்னார். அவ்வளவுதான். அம்மா பைக் சாவியை எடுத்து வைத்துக்கொண்டார். தோப்புக் கணக்கு தம்பி கைக்குப் போனது. அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தார். எனக்குப் பயமாக இருந்தது அதுதான்.

வத்திராயிருப்பில், ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அந்தக் காகிதத்தை அவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் சிரித்தார்.

"கை நடுங்கினா ஓட்டை இடம் மாறும் தாயி. வடிவம் ஏன் மாறணும்?"

மூன்று ஓட்டைகளும் வட்டமாக இல்லை. சாவித் துவாரம் மாதிரி நீளமாக இருந்தன. குண்டு மூக்கால் குத்தாமல் பக்கவாட்டில் சாய்ந்து பாய்ந்திருக்கிறது.

பம்பரத்தை வைத்து அவர் விளக்கினார். குழலின் உள்சுவரில் திருகு போலப் புரி வெட்டியிருக்கும். குண்டு அதைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறும். சுழல்கிற வரை நேராகப் போகும். சுழற்சி போதாவிட்டால் தலையாட்டிக் கவிழும். குட்டைப் பம்பரம் மெதுவாகச் சுற்றினாலும் நிற்கும், நெட்டைப் பம்பரம் வேகமாகச் சுற்ற வேண்டும். ஒரே ரகத்தில் குண்டின் எடை கூடினால் விட்டம் மாறாது, நீளம்தான் கூடும். எனவே கனமான குண்டுக்குப் புரி நெருக்கமாக இருக்க வேண்டும்.

இதற்கு கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் 1879-லேயே சூத்திரம் தந்திருக்கிறார். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் அங்குலத்தில். எங்கள் தோட்டாவின் குண்டு 244 கிரெயின், அதாவது சுமார் 16 கிராம். விட்டம் 0.323, நீளம் ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம். பன்னிரண்டரை அங்குலத்துக்கு ஒரு சுற்று இருந்தால் போதும் என்று கணக்கு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோப்புக்கே வந்தார். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்தார். துடைக்கும் கம்பியில் துணியை இறுக்கிச் சுற்றிக் குழலுக்குள் தள்ளினார். கம்பி தானாகத் திரும்பிக்கொண்டே போனது. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. தேவைக்கு மேலேயே இருந்தது. ஆனால், வாய்ப்பக்கம் கடைசிச் சாண் வந்ததும் கம்பி திரும்பாமல் வழுக்கியது. மலையடிவாரத்து ஈரத்தில் துரு தின்று, புரி மழுங்கிப் போயிருந்தது.

"எடை குறைஞ்ச குண்டு போட்டா?" என்றார் அப்பா.

"பிடிச்சுத் திருப்பப் புரி இல்லாதப்ப எந்தக் குண்டும் சரியாச் சுத்தாது. குழலுக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு அண்ணாச்சி. உங்க கைக்கு ஒண்ணுமில்ல."

மதுரையில் டாக்டரிடமும் காட்டினோம். நடுக்க நோய் எதுவும் இல்லை என்றார். அன்று மாலை அம்மா பைக் சாவியை அப்பாவின் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

ரைஃபிளை அப்பாவே ஸ்டேஷனில் ஒப்படைத்து, லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்தார். தோப்புக் கணக்கை மட்டும் தம்பியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். வயதானவர்கள் வீட்டில் எது தவறினாலும், முதல் பழி அவர்கள் வயதின் மேல்தான் விழுகிறது. அந்தப் பழியைப் போடுவதற்கு முன், ஒரு தடவை ஓட்டையின் வடிவத்தையும் பார்த்துவிடலாம்.