பிம்மு மொழி

ஒரு புதிய மொழியைப் படைக்க எத்தனை சொற்கள் வேண்டும்? 2015-ஆம் ஆண்டு வெளிவந்த 'பாகுபலி' படத்தில் காலகேயர் பேசுகிறார்களே, அந்தக் கிளிக்கி மொழியை நம் கவிஞர் மதன் கார்க்கி ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்டு அமைத்தார். அதில் 'மின்' என்றால் நான். அதையே திருப்பிப் போட்டு 'நிம்' என்றால் நீ. அழகான ஏற்பாடு. எங்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கம்பத்திலிருந்து கல்லூரிக்கு வரும் காலைப் பேருந்தில் நானும் என் வகுப்புத் தோழனும் படைத்த மொழிக்கு ஒரே ஒரு சொல்தான். அது 'பிம்மு'.

விதி மிக எளிது. தமிழிலேயே பேச வேண்டும்; ஆனால் வினைச்சொல் வரும் இடத்திலெல்லாம் பிம்மு மட்டுமே வர வேண்டும். காலம், இடம், பால் காட்டும் விகுதிகளைத் தமிழ் மரபுப்படி சேர்த்துக் கொள்ளலாம். "பஸ் பிம்மிருச்சு, சீக்கிரம் பிம்முடா!" "நேத்து ஏன் கிளாசுக்குப் பிம்மல?" இப்படி க.புதுப்பட்டி தாண்டுவதற்குள் எங்களுக்கு மொழி சரளமாகிவிட்டது. உத்தமபாளையத்தில் கூட்டம் ஏறியது. ஒரு நாள் என் தோழன் துணிந்து நடத்துனரிடம், "அண்ணே, சின்னமனூருக்கு ரெண்டு பிம்முங்க" என்றான். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்!

இதை நாங்கள்தாம் முதலில் கண்டுபிடித்தோம் என்று மார்தட்ட வழியில்லை. பெல்ஜியம் நாட்டுச் சித்திரக்காரர் பேயோ, 1957-இல் நண்பர் ஒருவரோடு உணவருந்துகையில் உப்பைக் கேட்க வாயெடுத்தார். அந்தச் சொல் நினைவுக்கு வரவில்லை. 'அந்த ஷ்ட்ரூம்ப்பைக் கொடு' என்று ஏதோ உளறினாராம். நண்பரும் விடாமல் அதே சொல்லை வைத்தே பதில் சொல்ல, விளையாட்டு வளர்ந்தது. அடுத்த ஆண்டு அவர் வரைந்த நீலக் குள்ளர்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லையே வழங்கினார்கள். ஆங்கிலத்தில் அவர்களை ஸ்மர்ஃப் என்கிறோம். நம் வீட்டுப் பெரியவர்கள் "அந்த இதை எடுத்து இதுல வைடா" என்று தினமும் சொல்வதை எவரும் படமாக வரையவில்லை, அவ்வளவுதான்.

நடத்துனருக்கு எப்படிப் புரிந்தது? இயற்பியல் மாணவனுக்கு இதில் ஒரு சுவை உண்டு. கிளாட் ஷானன் என்ற அறிஞர் 1948-இல் வெளியிட்ட செய்திக் கோட்பாட்டின்படி, வரும் என்று முன்பே உறுதியாகத் தெரிந்த குறி எந்தச் செய்தியையும் தருவதில்லை. எங்கும் பிம்மு என்றால் பிம்முவில் ஒன்றுமில்லை. சின்னமனூர், ரெண்டு, நீட்டிய பணம் இவைதாம் செய்தி. பாரமெல்லாம் பக்கத்துச் சொற்களின் தோளில்.

பேருந்தில் வென்ற மொழி வீட்டில் தோற்றது. அப்பத்தா சொளவும் அரிசியுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்த நேரம், "அப்பத்தா, அந்த அரிசியைக் கொஞ்சம் பிம்மு" என்றேன்.

"என்னத்தடா பிம்ம? பொடைக்கவா, கொழிக்கவா, தெள்ளவா, நாவவா? வெளங்கச் சொல்லுடா."

ஒரே சொளவு; ஒரே அரிசி; நான்கு வினைகள்! உமியும் தூசியும் பறக்கத் தட்டுவது புடைத்தல் என்பது எனக்குத் தெரியும். மற்ற மூன்றையும் அப்பத்தா மணிக்கட்டை அசைத்து அசைத்துக் காட்டினாள். கண்ணுக்கு வேறுபாடு தெரிந்தது. எழுதப் போனால் கைக்கு வரவில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் பள்ளத்தாக்கு நம்முடையது. உழு, பரம்படி, பாவு, நடு, பறி, அறு, தூற்று, அவி, குத்து, சலி என்று நெல்லுக்கு மட்டுமே எத்தனை வினைகள்! பக்கத்துச் சொல்லை வைத்து இவற்றை ஊகிக்க முடியாது; நெல் என்ற சொல் எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்றே.

அதன் பிறகுதான் எங்கள் வகுப்பின் பேச்சை உற்றுக் கேட்டேன். வெயிட் பண்ணு, கால் பண்ணு, ஹெல்ப் பண்ணு, ட்ரை பண்ணு, சேஞ்ச் பண்ணு, மிஸ் பண்ணு. ஆய்வகத்துக்குப் போனால் ஹீட் பண்ணு, மெஷர் பண்ணு, கனெக்ட் பண்ணு, நோட் பண்ணு. நண்பர்களே, பிம்மு மொழியை நாங்கள் படைக்கவே தேவையில்லை. நாம் அனைவரும் அதைத்தான் பேசிக் கொண்டிருக்கிறோம்! பேயோவின் கதையில் புதுச் சொல் வந்து மற்றச் சொற்களின் இடத்தைப் பிடித்தது. இங்கேயோ பிடித்தவை அயற்சொற்கள். அவற்றின் மூட்டையைச் சுமக்கும் கூலியாள் மட்டும் தமிழ்.

பண்ணு இப்படிச் சுமக்கப் பிறந்த சொல்லன்று. யானையையும் தேரையும் போருக்கு அணி செய்து ஆயத்தப்படுத்துவதையும், யாழ் நரம்புக்குச் சுருதி கூட்டுவதையும் பழந்தமிழர் பண்ணுதல் என்றனர். பின்னாளில் வடசொல் வந்தபோது விவாகம் பண்ணு, யோசனை பண்ணு, பிரசங்கம் பண்ணு என்று அதற்கும் இந்தச் சொல்லே தோள் கொடுத்தது. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் அவற்றில் பலவற்றை இறக்கி வைத்தது. இது நமக்கு மட்டும் நேர்ந்த கதையும் அன்று. ஆஸ்திரேலியாவின் வடபகுதிப் பழங்குடி மொழியான ஜிங்குலுவில் வருவது, போவது, செய்வது ஆகிய பொருளுடைய மூன்று வினைகள் மட்டுமே காலம் ஏற்று நடக்கின்றன. மற்றச் செயல்களையெல்லாம் பக்கத்தில் நிற்கும் சொல் சொல்லிவிடுகிறது. அப்படியும் ஒரு மொழி அழகாக நடக்கும்.

ஆகவே பண்ணுவை வைய எனக்கு மனம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதல் பருவத்தில் வகுப்பில் கேட்ட ஆங்கிலச் சொற்கள் எல்லாம் காதோடு நின்றன. 'இன்டகிரேட் பண்ணணும்', 'டிஃப்ரன்ஷியேட் பண்ணணும்' என்று வால் சேர்த்துச் சொன்ன பிறகே அவை என் வாயில் ஏறின. அப்பத்தாவும் "போனுக்கு ரீச்சார்ஜ் பண்ணிக் குடுடா" என்கிறாள். ரீச்சார்ஜுக்கு அவள் என்ன செய்வாள்? இல்லாத வேலைக்கு வந்த சொல்லோடு எனக்கு வழக்கில்லை. காத்திருக்கவும் உதவவும் நமக்கு அயற்சொல் எதற்கு என்பதே என் கேள்வி. இதில் என் தோழன் உடன்படவில்லை. "வெயிட் பண்ணுறது வேற, காத்திருக்குறது வேற. பஸ்ஸுக்கு வெயிட் பண்ணலாம், மழைக்குத்தான் காத்திருக்கணும்" என்கிறான். யோசிக்க வேண்டிய பேச்சுத்தான்.

இப்போது பேருந்தில் பிம்மு ஓய்ந்துவிட்டது. அதற்குப் பதில் ஒரு நோட்டில் எங்கள் ஊர் வினைச்சொற்களை எழுதி வருகிறேன். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் காய் எடுக்கப் போகும் அத்தைமாரிடமும், திராட்சைக் கொடி கட்டும் மாமாவிடமும் கேட்டது இரண்டு பக்கம் தேறியது. 'நாவு' என்ற சொல்லுக்கு நேரே பொருள் எழுத வேண்டிய இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அப்பத்தா, "எழுதுறதுக்கு என்னடா இருக்கு, சொளவைப் பிடி" என்கிறாள்.