வாடகை தராத குடித்தனக்காரர்கள்

மார்கழி, தை மாசத்தில் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, மப்ளரைச் சுற்றிக்கொண்டு குளக்கரையில் போய் நின்று, பைனாகுலரில் கண்ணை வைத்தபடி வாத்து எண்ணுகிற ஆட்களைப் பார்த்தால் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? "இதுக்குக் காசு குடுப்பாங்களா?" என்பதுதான் டீக்கடையில் வரும் முதல் கேள்வி. கொடுக்க மாட்டார்கள். பஸ் சார்ஜும் டீயும் கைக்காசு. "அப்போ கறிக்கா?" என்பது அடுத்த கேள்வி. அதற்கும் இல்லை என்று பதில் வந்ததும் டீக்கடை பெஞ்சில் ஒரு மௌனம் விழும் பாருங்கள்... அந்த மௌனத்துக்கு அர்த்தம், "பாவம், படிச்ச பிள்ளைக" என்பதுதான்.

ஆனால் திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் ஊரில் மட்டும் இந்தக் கேள்விகள் வருவதில்லை. கூந்தன்குளம். திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர், மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கம். நாங்குநேரி வட்டாரத்துக்கே உரிய வறண்ட பூமி. வழியெல்லாம் பனை, உடைமரம், செம்மண். இந்தப் பொட்டலில் என்ன பறவை இருக்கப் போகிறது என்று நினைக்கும்போதே சாலை வளைந்து கரையில் ஏறும். கீழே தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது. இரண்டும் அரசாங்கக் கணக்கு. ஊர்க்காரர்களைக் கேட்டால், இதற்கெல்லாம் ரொம்ப முன்னாடி, தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்தே பறவை வருகிறது என்பார்கள்.

மற்ற சரணாலயங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வேடந்தாங்கலில் பறவைகள் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும், மனிதர்கள் கரையில் நின்று பார்ப்பார்கள். இங்கே குளத்து மரம் போதாமல் ஊருக்குள்ளேயே வந்துவிடும். வீட்டு முற்றத்து வேப்பமரம், தெருமுனைப் புளியமரம், கொல்லைப்புறக் கருவேலம் என்று எது கிடைத்தாலும் சரி. மரத்தடியில் ஒருத்தர் பல் விளக்கிக்கொண்டிருப்பார். தலைக்கு மேலே பத்தடியில் நாரை குஞ்சுக்கு மீன் ஊட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்வதே இல்லை.

இங்கே ஒரு தப்பைத் திருத்தியாக வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஜனவரி வந்தால் "வெளிநாட்டுப் பறவைகள் குஞ்சு பொரிக்க வந்தன" என்று ஒரு செய்தி படத்தோடு வரும். படத்தில் இருப்பது மஞ்சள் மூக்கும் சிறகோரத்தில் ரோஸ் நிறமுமாக இருக்கும் சங்குவளை நாரை. அதற்குச் செங்கால் நாரை என்று பெயர் போட்டு, ஊரை சைபீரியா என்று எழுதியிருப்பார்கள். பாவம் அந்த நாரை, அதற்குப் பாஸ்போர்ட்டே கிடையாது! சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம், இராக்கொக்கு எல்லாம் நம் நாட்டுப் பறவைகள்தான். எந்தப் பக்கம் மழை பெய்து குளம் நிறைகிறதோ அந்தப் பக்கம் போய்க் கூடு கட்டும். ஊருக்குள் குடித்தனம் வருவது இவைதான்.

நிஜமான வெளிநாட்டுக்காரர்கள் குளத்துக்குள்ளே இருக்கிறார்கள். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, கரையோரச் சேற்றைக் குத்திக்கொண்டு திரியும் உள்ளான்கள். இவை இங்கே கூடு கட்டுவதில்லை, முட்டை இடுவதில்லை. வடக்கே பனி மூடிவிட்டதால் சாப்பாட்டுக்காக வருகின்றன. வெயில் ஏற ஆரம்பித்ததும் கிளம்பிவிடும். இந்தக் கூட்டத்தில் ராஜா என்றால் வரித்தலை வாத்துதான். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புக் கோடு. திபெத், மங்கோலியா பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிற ஆள். அது 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது கருவியிலேயே பதிவாகியிருக்கிறது. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டி விடப்பட்ட வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டு, பகல் முழுக்கக் குளத்தில் தூங்கி வழியும். பொழுது சாய்ந்தால் வயலில் இறங்கி மேயும். மேயும்போது பயிர் எது புல் எது என்று பார்க்காது. வயல்காரர் தகரம் தட்டினால் பறந்து அடுத்த வயலுக்குப் போகும். அங்கேயும் ஒரு தகரம் இருக்கும்.

பறவை பார்க்க வருகிறவர்களுக்குக் கூந்தன்குளம் இரண்டு மணி நேரம். அதிகபட்சம் ஒரு நாள். படம் எடுத்து, இட்லி சாப்பிட்டு, அடுத்த பஸ். ஊருக்கு அது கிட்டத்தட்ட அரை வருஷம். டிசம்பர் வாக்கில் ஆரம்பித்தால் ஜூன், ஜூலை வரைக்கும் இழுக்கும். இதை முழுசாகப் புரிந்துகொள்ள ஒரு குஞ்சு நாரை குடும்பத்துக்கு நேர் கீழே ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். முதலில் நாற்றம். மீனும் எச்சமும் வெயிலில் காய்ந்து எழும் நாற்றம், சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். அப்புறம் சத்தம். பெரிய நாரைக்குக் குரலே கிடையாது என்று சொல்லலாம், அலகைத் தட்டும், அவ்வளவுதான். ஆனால் குஞ்சுகள் பசி எடுத்தால் ராத்திரி, பகல் பார்க்காமல் கத்தித் தீர்க்கும். கூரை ஓடு வெள்ளையாகிவிடும். முற்றத்தில் வத்தல் காயப் போட முடியாது. துணி உலர்த்த வேறு இடம் தேட வேண்டும்.

மரத்தடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும் டவுன்காரப் பையனிடம் வீட்டுக்கார ஆச்சி சொல்வது இப்படித்தான் இருக்கும்:

"எய்யா, வாயத் தொறந்துக்கிட்டு மேல பாக்காதீய."

"ஏன் ஆச்சி?"

"ஏன்னா கேக்கீய? செத்த நேரம் அங்கனயே நின்னா ஒங்களுக்கே தெரியும்."

சொல்லி முடிப்பதற்குள் தெரிந்துவிடும். ஆச்சி சிரித்துக்கொண்டே சொம்பில் தண்ணீர் கொண்டு வருவாள்.

இவ்வளவையும் சகித்துக்கொண்டு இந்த ஊர் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியும் இப்படித்தான். அங்கேயும் வெடிச்சத்தம் கிடையாது. பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டில்லை. ஆனால் எட்டு வயசுப் பையனை நினைத்துப் பாருங்கள். பக்கத்து ஊரில் சரவெடி கேட்கிறது, இவன் கையில் மத்தாப்பு! கூந்தன்குளத்தில் பறவையை அடித்தவனுக்கோ முட்டையை எடுத்தவனுக்கோ அந்தக் காலத்தில் மொட்டை போட்டுக் கழுதையில் ஏற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைப் பார்த்தால் எடுத்துப் போய் மீன் கொடுத்து வளர்க்கும் பழக்கம் கதை இல்லை. அது இன்றைக்கும் உண்டு.

சும்மா பாசத்தில் மட்டும் இதெல்லாம் நடக்கிறது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. கணக்கும் இருக்கிறது. குளத்தில் விழும் எச்சம் தண்ணீரோடு வயலுக்குப் போகிறது. கோடையில் குளம் வற்றியதும் அடியில் கிடக்கும் கரம்பை மண்ணை அள்ளி வயலில் போட்டால் அந்தப் போகத்துக்கு உர மூட்டைச் செலவு குறையும். அதோடு, பறவை வந்த வருஷம் நல்ல வருஷம் என்று ஒரு நம்பிக்கை. கொஞ்சம் யோசித்தால் அது வெறும் நம்பிக்கையும் இல்லை. குளம் நிறைந்தால்தான் பறவை வரும், குளம் நிறைந்தால்தான் நெல்லும் விளையும். ராசி பறவையிடம் இல்லை, தண்ணீரில் இருக்கிறது.

சிக்கலும் அந்தத் தண்ணீரில்தான். கூந்தன்குளம் சொந்த மழையை மட்டும் நம்பினால் பல வருஷம் காய்ந்து கிடக்கும். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்தால்தான் உண்டு. அந்தக் கால்வாய் வழி நெடுகக் குளங்கள். ஒவ்வொரு குளத்துக்கும் ஓர் ஊர், ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தேவை. வந்து சேர்கிற தண்ணீரை வைத்துத்தான் பிசானம் நடுவார்கள். பயிருக்குத் தண்ணீர் வேண்டும் என்று மடையைத் திறந்தால் குளம் இறங்கும். அதே சமயம் மரத்தில் என்ன நடக்கிறது? நாரை ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்க வேண்டும். குஞ்சு பறக்க அதற்கு மேல் இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை தினமும் மீன் வேண்டும். நடுவில் சுற்றுவட்டாரக் குளமெல்லாம் வற்றிவிட்டால் பெரிய பறவைகள் கூட்டைக் கைவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் மரத்திலேயே கிடந்து சாகும். ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்த ஊரில் ஒரு மடையைத் திறப்பது சாதாரண விஷயம் இல்லை. கீழே காய்கிற பயிர், மேலே கத்துகிற குஞ்சு. தமிழ் சினிமா மாதிரி இதில் வில்லன் என்று யாரும் கிடையாது. அதுதான் கஷ்டமே.

கூந்தன்குளத்தை விட்டு வெளியே வந்தால் இன்னொரு கதை. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்திலும் நூற்றுக்கணக்கான பாசனக் குளங்கள் இருக்கின்றன. தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு 2011-இலிருந்து ஜனவரி கடைசியில் நடக்கிறது. மாணவர்களும் ஆர்வலர்களும் குழு குழுவாகப் பிரிந்து குளம் குளமாகப் போய் எண்ணுவார்கள். எண்ணுவது என்றால் ஒன்று, இரண்டு என்று இல்லை. பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதிய வைத்துக்கொண்டு, பத்துப் பத்தாக நகர வேண்டும். பெரிய கூட்டமென்றால் நூறு நூறாக. ஒருத்தர் 400 என்பார், பக்கத்தில் நிற்பவர் 650 என்பார். சண்டை முடிந்து ஒரு எண்ணுக்கு வரும்போது வானத்தில் ஒரு பூனைப்பருந்து தலை காட்டும். அத்தனை வாத்தும் எழும்பிப் பறந்துவிடும். திரும்ப முதலிலிருந்து!

இப்படிப் போகும்போது மீன்பாசி குத்தகைக்கு விட்ட சில குளங்களில் வெடிச்சத்தம் கேட்கும். குத்தகைக்காரர் ஏலத்தில் பணம் கட்டியிருக்கிறார், குஞ்சு மீன் வாங்கி விட்டிருக்கிறார். நீர்க்காகம் கூட்டமாக இறங்கினால் அவர் முதல் கரைகிறது. வெடி போட்டு விரட்டுகிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் மீன் தின்னாத வாத்துகளுக்கும் சேர்த்துத்தான் அந்த வெடி. ஒரு குளத்தில் வெடி போட்டால் பறவை அடுத்த குளத்துக்குப் போகும். எங்கே போனாலும் வெடி என்றால் கடைசியில் எங்கே போகும்? விடை தெரிந்ததுதான். ஒரு சின்ன ஊரின் முற்றத்து மரங்களில் இத்தனை கூடு நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதற்கு அந்த ஊரின் நல்ல மனசு ஒரு காரணம். மற்ற ஊர்களின் கதவு சாத்திக் கிடப்பது இன்னொரு காரணம்.

அந்த முற்றங்களும் இனி எத்தனை நாளைக்கு என்பது தெரியாது. ஓட்டு வீடு போய் கான்கிரீட் வீடு வருகிறது. மரம் நிற்கிற இடத்தில்தான் புது வீட்டின் முன்ரூம் வர வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலோ திருப்பூரிலோ வேலையில் இருக்கிறார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவன் வீடு எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லுவான், அது நியாயம்தானே. அவனுக்கு நாற்றம் பழக்கம் விட்டுப் போயிருக்கும். பொங்கலுக்கு மூன்று நாள் வருகிற மருமகளுக்கு அது பழகவே இல்லை.

அப்படி ஒரு வீட்டில் வேப்பமரத்தை வெட்ட நாள் குறித்திருந்தார்கள். பொங்கல் கழிந்து, தை முடிவதற்குள் வானம் தோண்ட வேண்டும் என்று மகன் போனில் சொல்லிவிட்டான். கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மரத்தில் ஏழு கூடு. அப்பா மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆடிக்குள்ள குஞ்சு பறந்துரும். ஆடியில வீட்டு வேல தொடங்கக் கூடாது. ஆவணியில பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டார். தையிலிருந்து ஆவணி வரை என்றால் ஏழு மாசம். கம்பி விலை, சிமெண்ட் விலை என்று மகன் கத்தியது ஸ்பீக்கரில் தெரு வரைக்கும் கேட்டது. அவர் போனைக் கட்டிலில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். மழைக்கு இல்லை அந்தக் குடை, முற்றத்தைத் தாண்டும் வரைக்கும்தான்.

சொல்லி வைத்திருந்த செங்கல் லோடு மட்டும் சொன்ன தேதிக்கு வந்து இறங்கிவிட்டது. வேறு இடமில்லாமல் மரத்தடியிலேயே அடுக்கினார்கள். ஒரு மாசத்தில் மேல் வரிசைக் கல் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது.